எதிரே போய்விடுகிறவர்

அவர் வீட்டுக்கு நான் பலமுறை விருந்துக்குப் போயிருக்கிறேன். ஒருமுறைகூட அவரை அவர் வீட்டு வாசலில் பார்த்ததில்லை. தெருமுனையில் பார்ப்பேன். அல்லது தெருமுனைக்கும் முந்தின பஸ் நிறுத்தத்தில். ஒரு பெருநாளன்று என் வீட்டிலேயே பார்த்தேன். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், கூடத்தில் உட்கார்ந்து என் மனைவி கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

"நீங்க வாரேன்னு சொன்னீங்கள்லா முதலாளி, அதான் எதுக்க வந்தேன்."

அவர் மனைவிக்கு இதில் நெடுநாள் வருத்தம். "இந்த வாசப்படிக்கு வந்து ஒரு ஆளாவது செருப்பக் கழட்டி 'யாரும் இருக்கீகளா'ன்னு கேட்டதுண்டா? எல்லாரையும் அவுக ரோட்டுலயே வரவேத்து முடிச்சிருவாக. நாங்க வீடு கட்டுனதுக்கு ஒரு குடையை விரிச்சு முக்குல நின்னுருக்கலாம்."

தென்காசியில் அவரை எல்லோரும் 'பாய்' என்போம். வளைகுடாவில் வெகுகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். சீசன் மாதங்களில் குற்றாலத்தில் பழக்கடை போடுவார். ரம்புட்டான், மங்குஸ்தான், பெயர் சொன்னாலே மூக்கைப் பிடிக்கவைக்கும் துரியன். எனக்கு ஊருக்குள் உரக்கடை. என்னை அவர் முதலாளி என்று கூப்பிடுவதை ஆரம்பத்தில் மரியாதை என்று நம்பியிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், டவுன் பஸ் கண்டக்டரிலிருந்து அருவிக்கரைக் குரங்குவரை அவருக்கு எல்லோரும் முதலாளிதான்.

வளைகுடாவில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"நிக்கிற வேலை முதலாளி. ஒரு கேட்டு முன்னால. வார வண்டிக்குத் திறக்கணும், போற வண்டிக்கு மூடணும். நடுவுல நிக்கணும். இந்த ஆயுசுக்கு நிக்க வேண்டியத அங்கனயே நின்னு முடிச்சிட்டேன்."

கேட்கவே பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை நான் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவரிடம் பாய் டிரைவர் வேலை என்று சொல்லியிருக்கிறார். வேறொருவரிடம் சமையல் வேலையாம். எது உண்மை என்று விசாரிக்க நினைத்து அவர் கடைக்குப் போனால், அவர் கடையில் இல்லை. பழ லாரி புளியரை தாண்டிவிட்டதாகத் தகவல் வந்ததும் அதற்கு எதிரே போய்விட்டார்.

லாரியாவது பரவாயில்லை. மழைக்கும் எதிரே போவார்.

குற்றாலத்தில் சீசன் பிந்தினால் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காற்று வரும்; சாரல் வராது. கடையெல்லாம் விரித்தாயிற்று, பழமெல்லாம் அடுக்கியாயிற்று, அருவியில் பாறைதான் விழுந்துகொண்டிருக்கும். கடைக்காரர்கள் எல்லோரும் கழுத்தைத் தூக்கி மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் கொல்லம் பஸ்ஸில் ஏறிவிடுவார். சாயங்காலம் எங்கள் நடுவே, புழுதி படிந்த எங்கள் நடுவே, சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ள வந்து நிற்பார். சட்டை நுனியைப் பிழிந்து காட்டுவார். சொட்டும்.

"ஆரியங்காவு வரைக்கும் வந்தாச்சு. நாளைக்கு இங்கன வந்துரும்."

ஒரு வருடம் சொன்னபடி மறுநாளே வந்தது. அந்தச் சீசன் முழுக்க அவர் மழையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த தோரணையில் நடந்தார். இன்னொரு வருடம் வரவில்லை. "என்ன பாய், விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்கூடத்தான் வந்துச்சு முதலாளி. நான் ஏறிட்டேன். அது ஏறல."

மகள் கல்யாணத்தன்று நடந்ததைத்தான் ஊர் இன்றும் சொல்கிறது. மாப்பிள்ளை வீட்டார் காயல்பட்டினத்திலிருந்து வருகிறார்கள். ஆலங்குளம் தாண்டிவிட்டார்கள் என்று யாரோ சொல்லவும் இவர் மைத்துனரின் காரில் ஏறிப் பாவூர்சத்திரம் போய் இறங்கி, காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை காரிலேயே திரும்பி வருவதாகத் திட்டம். காய்கறிச் சந்தை நெரிசலுக்குப் பயந்த மாப்பிள்ளை கார், சுற்று வழியில் கடையம் பக்கமாகப் போய் மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்தாயிற்று. பெண்ணைக் கொடுக்க வேண்டிய தகப்பன் இல்லாமல் நிக்காஹ் நடக்காது. தகப்பனைக் காணோம். அவருடைய போன் மண்டபத்து மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் என் போன்தான் அடித்தது. சந்தையில் மூட்டை தூக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர்.

"அண்ணாச்சி, உங்க பாய் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு நடுரோட்டுல நிக்காரு. வார காரை எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாக்காரு. செக்கிங்னு நினைச்சு வெங்காய லோடுக்காரன் எல்லாம் வண்டிய ஓரங்கட்டுதான். சந்தையே நிக்குது. என்னன்னு கேளுங்க."

அந்த வெங்காய லோடு ஒன்றிலேயே வந்து இறங்கினார். கோட்டில் சருகு. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து கைகொடுத்து, "மாப்பிள்ளை அழைப்பு கேள்விப்பட்டிருக்கோம். மாமனார் அழைப்பு இப்பதான் பாக்குதோம்" என்றார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, உள்ளே மணப்பெண் மட்டும் சிரித்தாளாம். "வாப்பா எங்க போயிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நானும் பள்ளிக்கூடம் விட்டு ஒருநாளாவது தனியா வீட்டுக்கு வந்து சேந்துருக்கேனா?"

சிரிக்கிறேனே தவிர, அவர்மேல் எனக்கு எரிச்சலும் உண்டு. ஓர் இடத்துக்கு நாமாகப் போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு சின்ன நிம்மதி இருக்கிறதே, அதை இந்த மனிதர் யாருக்கும் தரமாட்டார். தாமதமாகப் போகவும் முடியாது. வழியில் ஒரு வடை தின்றுவிட்டுப் போகவும் முடியாது. கடித்த வடையோடு நிமிர்ந்தால் எதிரே வந்துகொண்டிருப்பார். சர்க்கரை நோயாளிக்கு இதைவிடக் கொடிய நண்பர் கிடையாது.

அந்தச் சர்க்கரையால்தான் எங்கள் குழுவே உண்டானது. டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நான் அதைப் பாயிடம் சொன்னதுதான் தப்பு. மறுநாளிலிருந்து விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு என் வாசலில் ஆஜர். என் மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "உங்க அலாரம் வந்து நிக்குது" என்பாள். பிறகு திருத்திக்கொள்வாள். "நிக்கல. ஆடுது."

என்னை எழுப்பிக்கொண்டு அடுத்த தெருவில் ஏட்டம்மா வீட்டுக்குப் போவார். ஏட்டம்மா என்றால் பெண் தலைமைக் காவலர். எங்கள் குழுவில் அதிகாரம் செய்யத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் தானாகவே தலைவியாகிவிட்டவர். அப்புறம் இன்னும் மூன்று வீடு. ஆக ஆறு பேர். நாங்கள் மைதானத்தில் நடக்க ஆரம்பிக்கும் முன்பே பாய் எங்களைச் சேர்ப்பதற்காக எங்களைப்போல இரண்டு மடங்கு நடந்திருப்பார். அவருக்கு மெதுவாக நடக்க வராது. அவரோடு பேச வேண்டுமானால் நாங்களும் ஓட வேண்டியிருந்தது. இப்படித்தான், எந்த லட்சியமும் இல்லாமல், நாங்கள் ஓட்டக்காரர்கள் ஆனோம்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர் ஓட்டக்காரர்கள் சிலர் எங்கள் பக்கம் ஒரு தொடரோட்டம் வைத்தார்கள். ராத்திரி முழுக்க ஓட்டம். பொழுது சாயும்போது குற்றாலத்தில் கிளம்பி, பாவூர்சத்திரம், சுரண்டை என்று சுற்றி, வாசுதேவநல்லூர் போய்த் திரும்பி, கடையநல்லூர், தென்காசி வழியாக விடியும்போது மறுபடியும் குற்றாலம். அணிக்கு ஆறு பேர். ஒருவர் ஓடும்போது மற்றவர்கள் வேனில். ஓடுகிறவர் மணிக்கட்டில் இருட்டில் மினுங்கும் ஒரு பட்டை. அதை அடுத்தவர் கையில் மாட்டிவிட வேண்டும். மாட்டும் இடத்தில் தார்ரோட்டின்மேல் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். பட்டை வந்து சேரும்வரை அடுத்தவர் அந்தக் கட்டத்தைவிட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. வைத்தால் அணியே வெளியே.

தொடரோட்டத்தில் ஓடுவது சின்ன வேலை. பெரிய வேலை நிற்பது. நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை.

முதல் வருடம் சொக்கம்பட்டியிலிருந்து கடையநல்லூர்வரை என் பங்கு. பாதி வழிதான் வந்திருப்பேன். நாக்கு வெளியே, வயிறு முன்னே, நான் பின்னே. அப்போது எதிரே இருட்டில் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பேய் என்றுதான் நினைத்தேன். பேயாக இருந்திருந்தால் நாங்கள் போட்டியில் இருந்திருப்போம்.

"முதலாளி! நேரமாகுதேன்னு எதுக்க வந்தேன்! கொடுங்க!"

நானும் கொடுத்தேன். அந்த நிமிடம் விதி, கட்டம் எதுவும் என் நினைவில் இல்லை. அவரைக் கட்டிக்கொள்ளாததுதான் மிச்சம். பின்னால் பைக்கில் வந்த கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் பார்த்தார். அணி வெளியே.

ஏட்டம்மா வேனின் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டியிருந்தது. அதைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "பாய், ஸ்டேசன்ல ஒரு ராத்திரி லீவு வாங்குதது எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. சொல்லவும் விருப்பமில்ல."

பாய் வேனில் ஏறவில்லை. அங்கிருந்து தென்காசிவரை நடந்தே வந்தார். வழியெல்லாம் அவருக்கு எதிரே யாரும் வரவில்லை.

மறுநாள் காலை என் வாசலில் ஆள் இல்லை. அதற்கடுத்த நாளும். நானும் சந்தோஷமாகத் தூங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. புரண்டு புரண்டு படுத்தேன். மூன்றாம் நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். வாழ்நாளில் முதல்முறையாகத் தனியாக வந்து அவர் வீட்டு நடைப்படியில் செருப்பைக் கழற்றினேன். அவர் மனைவிதான் சந்தோஷப்பட்டார்.

அடுத்த வருடப் போட்டி வந்தது. என் கடையில், யூரியா மூட்டைகள்மேல் உட்கார்ந்து, பாயையும் வைத்துக்கொண்டு, கூட்டம் போட்டோம். பாய் வேண்டாம், வேறு ஆள் பார்ப்போம் என்றார்கள் மற்ற மூவரும். நான் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினேன். ஏட்டம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மூட்டு டாக்டர் இந்த வருசத்தோட சரின்னுட்டாரு. இனி எனக்கு ஓட்டம் கிடையாது. ஒரு தடவையாவது அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டணும்னு கிடக்கேன். இப்ப சொல்லுங்க பாய். நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"எதுக்கப் போக மாட்டீங்கள்லா?"

"நிப்பேம்மா."

"சரி. பாய் ஓடுவாரு. கடைசிப் பங்கு அவருக்கு. அவருக்கு முந்தினது அண்ணாச்சி."

அண்ணாச்சி என்பது நான். ஆக நான் வரும்வரை அவர் நிற்க வேண்டும். நிற்கத் தெரியாத ஆளுக்குப் பழகிக்கொள்ள இதைவிட நீண்ட வாய்ப்பு கிடைக்காது.

மைதானத்தில் கட்டம் வரைந்து பழகினோம். நான் வளைவில் திரும்புவேன்; பாய் கட்டத்தில் நிற்பார். என் தலை தெரிந்ததும் பறந்துவிடுவார். வெட்கத்தோடு திரும்பிப் போய் நிற்பார். மறுபடியும் நான் வளைவில் திரும்புவேன். மறுபடியும் அவர் என் மூக்குக்கு நேரே.

"நான் போகல முதலாளி. கால் போயிட்டு."

"காலும் உங்களுதுதான் பாய்," என்றார் ஏட்டம்மா. "அதுக்கும் சேத்து கேஸ் போடுவேன்."

போட்டி நாள் வரை ஒருமுறைகூட அவர் நிற்கவில்லை.

அந்த ராத்திரி மற்றவர்கள் நன்றாகவே ஓடினார்கள். ஏட்டம்மா மூட்டில் துணி சுற்றிக்கொண்டு தன் பங்கை முடித்தார். இடைகால் கிராமத்தில் பட்டை என் கைக்கு வந்தபோது கிழக்கே இன்னும் கறுப்புதான். நன்றாகச் சாரல். ஆறரைக்குள் குற்றாலத்தில் கடைசிக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். நான் சரியாக ஓடினால் போதும், பாய் பறந்துவிடுவார்.

சரியாக ஓடுவது என்பதற்கு என் அகராதியில் இருக்கும் பொருள் கொஞ்சம் தாராளமானது. ஒரு நாய் என்னைத் துரத்தி வந்து, பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, சலிப்போடு திரும்பிப் போனது. பால்கேன் கட்டிய சைக்கிள்காரர் என்னைத் தாண்டும்போது, "அண்ணாச்சி, வண்டி எங்கன நின்னுட்டு?" என்று இரக்கத்தோடு கேட்டார். ஆனாலும் ஓடினேன். பெரிய கோயில் கோபுரம் சாரலுக்குள் மங்கலாகத் தெரிந்தது. பிறகு சிற்றாற்றுப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கட்டம். கட்டத்தின் ஓரத்தில் ஏட்டம்மா. கட்டத்துக்குள் பாய்.

எனக்கு அவர் முகம் தெரியவில்லை. முதுகு தெரிந்தது.

என் பக்கம் பார்க்காமல், குற்றாலம் போகும் திசையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். வலதுகையை மட்டும் பின்னால் நீட்டியிருந்தார். பார்த்தால் கால் போய்விடும். அதனால் பார்ப்பதில்லை என்று அவராகவே முடிவுசெய்திருக்கிறார். நின்ற இடத்திலேயே இரண்டு கால்களும் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தன.

மூன்று விளக்குக் கம்பத் தூரம்தான். அப்போது என் கெண்டைக்கால் சதை பிடித்தது. சும்மா பிடிக்கவில்லை, யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோலப் பிழிந்தது. நடுரோட்டில் உட்கார்ந்து, பிறகு படுத்தேன்.

"அண்ணாச்சி!" ஏட்டம்மாவின் குரல். "எந்திரிங்க! உரமூட்ட மாதிரி கிடக்காதீங்க!"

அவர் வந்து என்னைத் தூக்கவும் முடியாது. ஓடுகிறவரை அணியில் யாரும் தொடக்கூடாது என்று அதற்கும் ஒரு விதி.

பாயின் முதுகு விறைத்தது. "என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. திரும்பாதீங்க."

"விழுந்துட்டாரா?"

"திரும்பாதீங்க பாய்!"

ரோட்டில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை இந்த மனிதர் என் வழியில் எதிரே வராமல் இருக்கக்கூடாதா என்று சலித்திருக்கிறேன். இப்போது வந்து தொலையட்டுமே என்றிருந்தது. வந்தால் ஏட்டம்மாவின் கோடு போய்விடும். வராவிட்டால் நான் இங்கேயே, விடிந்து லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கும்வரை கிடப்பேன். எதை வேண்டுவது என்று தெரியாமல் இரண்டையும் வேண்டினேன். மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிய அதே ஆள்தானே.

அவருடைய இடதுகால் மேலே எழுந்தது. கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அந்தக் கால் உள்ளேயே இறங்கியது. பிறகு, திரும்பாமலே, ஆற்றுக்கு அக்கரைவரை கேட்கும்படி கத்தினார்.

"முதலாளி! நான் வர மாட்டேன்! நீங்கதான் வரணும்! வாங்க! வாங்க முதலாளி, வாங்க!"

ஒரே இடத்தில் நின்றுகொண்டு அவர் 'வாங்க' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

எழுந்தேன். ஒரு காலை இழுத்துக்கொண்டு போனேன். அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். குரல் கம்மியது, நிறுத்தவில்லை. பட்டையை அந்தக் கையில் மாட்டினேன். காலடியில் சுண்ணாம்பெல்லாம் மிதிபட்டுக் கட்டத்தின் உள்பக்கம் வெள்ளைச் சேறாகியிருந்தது. வெளியே ஒரு சொட்டுகூட இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆள் பாலத்தின் நடுவில் இருந்தார்.

வேனை இலஞ்சி வழியாகச் சுற்றிவிட்டார்கள். நாங்கள் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது அருவியின் இரைச்சலும் ஒலிபெருக்கியின் இரைச்சலும் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டிருந்தன. ஏட்டம்மா நொண்டிக்கொண்டே கோட்டருகே இருந்த பெண்ணிடம் ஓடினார்.

"எங்க ஆளு வந்தாரா? கோட்டைத் தாண்டினாரா? கையில பட்டையோடயா?"

"தாண்டிட்டாரு மேடம். டைம்க்குள்ள."

ஏட்டம்மா கோட்டைப் பார்த்தார். ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தார். மறுகாலையும் எடுத்துவைத்தார். பிறகு முகத்தைத் துடைத்தார். சாரல்தான் பெய்துகொண்டிருக்கிறதே, யார் கேட்கப்போகிறார்கள்.

பதக்கம் ஆறு கொடுத்தார்கள். கழுத்து ஐந்துதான் இருந்தது.

"அவரு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"கோட்டைத் தாண்டின கையோட திரும்பி ஓடிட்டாரு சார். டீம் வருது, எதுக்கப் போறேன்னாரு."

நாங்கள் இலஞ்சி வழியாக வந்திருக்கிறோம். அவர் தான் ஓடிவந்த மேலகரம் ரோட்டில் வருகிற வேனை எல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் கெண்டைக்கால் மட்டும் சிரிக்கவில்லை.

"இருங்க. நிப்போம். வருவாரு," என்றார் ஏட்டம்மா.

நின்றோம். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் நின்றோம். பிறகு ஏட்டம்மா குனிந்து ஷூ நாடாவை இறுக்கினார்.

"எங்கன?" என்று கேட்டேன்.

"சும்மா. அந்த வளைவு வரைக்கும்."

வளைவுவரை போனோம். அவர் தெரியவில்லை. அடுத்த வளைவுவரை போனோம்.

இப்போது பாய் கொல்லத்தில் இருக்கிறார். மருமகனுக்கு அங்கே வியாபாரம். மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏட்டம்மா ஓடுவதில்லை; நடக்கிறார். விடியற்காலையில் அவர் வீட்டுக்கு நான் போகிறேன். அவர் பெரும்பாலும் பாதித் தெரு வந்திருப்பார்.

இந்த வருடம் சீசன் பிந்திவிட்டது. காற்று வந்தது, சாரல் வரவில்லை. கடையில் உட்கார முடியவில்லை. கதவை முக்கால்வாசி சாத்தி, கால்வாசி திறந்து, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முழுக்கச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். போகிற வழியில் பாய்க்குப் போன் போட்டேன். எடுத்ததும் இரைச்சல், பஸ் ஹாரன், யாரோ மலையாளத்தில் டிக்கெட் கேட்கிறார்கள், மேலே தகரத்தில் படபடவென்று அடிக்கும் சத்தம்.

"பாய், அங்க மழையா?"

"நல்ல மழை முதலாளி! புனலூர் தாண்டியாச்சு! கூட்டிக்கிட்டு வாரேன், இந்தத் தடவ பஸ்ல ஏத்திட்டேன்! நீங்க எங்கன நிக்கீங்க?"

"நிக்கல பாய்," என்றேன். "செங்கோட்டை தாண்டி வந்துக்கிட்டிருக்கேன்."